படியே இல்லாத படிக்கட்டுல நிக்கிற டாக்டர்

ரெண்டு வருஷம் முன்னாடி, ஜூலை 1 டாக்டர்ஸ் டேக்கு எங்க ஏரியா டாக்டர்ஸுக்கெல்லாம் ஒரு கார்டு குடுக்கணும்னு மேனேஜர் சொன்னார். நான் மெடிக்கல் ரெப், இந்த வேலையில 22 வருஷம் ஆச்சு, டெல்டா பக்கம் தான் முழுக்க ஓட்டம். கொஞ்சம் படம் வரைவேன்னு டீம்ல எல்லாருக்கும் தெரியும், அதனால கார்டுக்குப் படம் தேடுற வேலை என் தலையில விழுந்துச்சு. காப்பிரைட் தொல்லை இல்லாத பழைய படமா இருக்கட்டும்னு மியூசியம் சைட்டெல்லாம் தோண்டிட்டு இருந்தப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. உயரமான தொப்பி, அகலமான விளிம்பு, வெள்ளை காலர், மேல ஒரு கறுப்பு அங்கி, ஒரு கை படிக்கட்டுக் கைப்பிடி மேல. கீழ மியூசியம் சைட்ல போட்டிருந்த பேரு, எஃப்ராயிம் புவேனோ, மருத்துவர். வரைஞ்சது டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட், 1647, செப்புத் தகட்டுல கீறி அச்சடிச்ச படம். பாத்த உடனே டவுன்லோட் பண்ணி மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷத்துல ரிப்ளை வந்துச்சு, "சூப்பரா இருக்கு, ஆனா ஸ்டெத் இல்லையே? டாக்டர்னு எப்படித் தெரியும்?"

சார், ஸ்டெதஸ்கோப்பையே 1816ல தான் லென்னெக் கண்டுபிடிச்சார்னு டைப் பண்ணிட்டு, அனுப்பாம அழிச்சிட்டேன். டார்கெட் குறைஞ்சிருந்த மாசம் அது. கடைசியில வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஸ்டெத், பல்லெல்லாம் தெரியுற சிரிப்புன்னு ஒரு ஸ்டாக் போட்டோ தான் கார்டுல வந்துச்சு. ஆனா அந்தக் கேள்வி மட்டும் என்னை விடல. டாக்டர்னு எப்படித் தெரியும்? எனக்கு ஏன் அடியில எழுதியிருந்ததப் படிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது?

அந்தக் காலத்துப் படங்கள்ல டாக்டர்னு காட்டுறதுக்கு ஏற்பாடெல்லாம் பக்காவா இருந்திருக்கு, அது தான் வேடிக்கை. டச்சு ஓவியங்கள்ல வைத்தியர்னாலே கையில ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும், உள்ள நோயாளியோட மூத்திரம், அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நெறத்தப் பாத்துட்டு இருப்பார். அன்னைக்கு அது தான் ஸ்டெத். ரெம்ப்ராண்ட்டே இதுக்குச் சுமார் 9 வருஷம் கழிச்சு ஆர்னால்ட் தோலிங்க்ஸ்னு இன்னொரு டாக்டரத் தகட்டுல வரைஞ்சிருக்கார், அதுல மேஜை, திறந்த புத்தகம், மூக்குக்கண்ணாடி, குடுவைன்னு எல்லாமே ஆஜர். எங்க மேனேஜர் அதுக்கு ஓகே சொல்லியிருப்பார். புவேனோ படத்துல இதுல ஒண்ணு கூட இல்ல, அடியில பேரு கூட செதுக்கல. அதே டாக்டர ரெம்ப்ராண்ட்டோட இளவயசு சகா யான் லீவன்ஸ் தனியா ஒரு எட்சிங், அதாவது தகட்டு அச்சுப் படம், போட்டிருக்கார், அதுல மட்டும் லத்தீன்ல பேரும் எபிரேய மருத்துவர்ங்கிற அடையாளமும் இருக்கு. அதை வெச்சுத் தான் இந்தப் படிக்கட்டு ஆள் யாருன்னே நமக்கு உறுதியாகுது.

அந்த ஒன்பதரை மணி

எனக்கு ஏன் தெரிஞ்சுதுன்னா, காரணம் ரொம்ப சாதாரணம். ஒரு ரெப்போட வாழ்க்கையில பாதி டாக்டர் ரூம் வாசல்ல போகும், மீதி மாடிப்படி அடியில. பேஷன்ட் எல்லாம் முடிஞ்சா தான் எங்கள உள்ள விடுவாங்க. அப்படி ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை இருக்கும், ஒரு நர்சிங் ஹோம் மாடிப்படி கீழ பையோட நிக்கிறேன். எதிர்ல ஒரு குடும்பம், ஒரு அம்மா, ரெண்டு பசங்க, ஒருத்தர் தூக்குவாளியக் கையில வெச்சுட்டே தரையில உக்காந்திருக்கார். மேல இருந்து டாக்டர் இறங்கி வர்றார். எனக்கு வாயில "குட் ஈவினிங் சார்" ரெடியா இருக்கு, பையில புது கால்சியம் மாத்திரையோட விஷுவல் எய்ட், அதாவது டாக்டர்கிட்ட புரட்டிக் காட்டுற படப் புத்தகம், ரெடியா இருக்கு. கடைசி மூணு நாலு படி இருக்கும்போது அவர் நின்னுட்டார். கை கைப்பிடி மேல இருக்கு. கீழ எல்லாரும் எந்திரிச்சாச்சு. ஒரு நாலு செகண்ட் இருக்குமா, அவ்வளவு தான், அப்புறம் இறங்கி அந்த அம்மாகிட்ட போய், "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?"னு கேட்டார். நான் குட் ஈவினிங்கை முழுங்கிட்டு வெளிய வந்து பைக்கை எடுத்துட்டேன். மேல என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பொழைச்சுக்கிட்டாங்களா, இல்லையா, காசு விஷயமா, ஒண்ணும் தெரியாது. அந்த நாலு செகண்ட் மட்டும் தெரியும்.

புவேனோ முகத்தப் பாத்தப்ப எனக்கு அந்த நாலு செகண்ட் தான் ஞாபகம் வந்துச்சு. இதை ஒரு நாள் அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன். அவ நுண்கலைக் கல்லூரியில பிரிண்ட்மேக்கிங் படிக்கிறா. போனை வாங்கி, பெருசாக்கி, சின்னதாக்கி, ரொம்ப நேரம் பாத்துட்டு சொன்னா, "மாமா, இதுல படி எங்க இருக்கு?"

நான் காட்டப் போனேன். இல்ல. ஒரு படி கூட இல்ல. முழங்காலுக்கு மேல படம் முடிஞ்சிடுது. ஓரமா கீழ கைப்பிடி இருக்கு, அதுல ஒரு கை இருக்கு. அவ்வளவு தான் படிக்கட்டு, மிச்சத்தை நான் தான் கட்டியிருக்கேன். "அப்ப மேல நோயாளி இருக்காங்கன்னு யாரு சொன்னா? அவர் காலையில குளிச்சுட்டு டிபன் சாப்பிடக் கூட கீழ இறங்கலாம்ல"ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. தொப்பி, அங்கியெல்லாம் போட்டுட்டு யாராவது டிபன் சாப்பிட இறங்குவாங்களான்னு கேட்டேன். அவ சிரிச்சா. ஆனா விடல. "சோகம்னு நீங்க சொல்றீங்கள்ல, அது எந்தக் கோட்டுல இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

கோடு கோடா

இந்த ஒரு கேள்விக்காக நான் மூணு மாசம் செலவழிச்சிருக்கேன், சொன்னா வீட்டுல அடிப்பாங்க. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் அவங்க கலெக்‌ஷன பெரிய சைஸ்ல இலவசமா இறக்கிக்க விடுறாங்க, புண்ணியவான்கள். நிஜப் படம் கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர் உயரம், 18 அகலம், ஒரு ஸ்கூல் நோட்டு அளவு தான். அதை லேப்டாப்புல போட்டு மூக்கு மட்டும் ஸ்கிரீன் முழுக்க வர்ற அளவுக்குப் பெருசாக்கிட்டா முகம் காணாம போயிடுது, வெறும் கீறல். சின்னச் சின்னக் கீறல், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சிலது பாதியில நின்னு, சிலது தப்பான திசையில போய். பென்சில் ஷேடிங் மாதிரி தேய்க்கிறதுக்கு இங்க வழியே கிடையாது, ஏன்னா மை ஒரே கறுப்பு. சாம்பல் வேணும்னா கோட்ட விலக்கிப் போடணும், கறுப்பு வேணும்னா நெருக்கணும், குறுக்க இன்னொரு அடுக்கு, அதுக்கும் குறுக்க இன்னொண்ணு. கன்னத்துல கோடு கன்னத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி வளையுது, நிழல் ஆழமாகுற இடத்துல அந்த வளைவைப் பத்தி அவர் கவலைப்படுறதே இல்ல, குறுக்க இழுத்துட்டுப் போயிடுறார்.

இதை இன்னொருத்தரோட வெச்சுப் பாத்தா தான் எவ்வளவு துணிச்சல்னு தெரியும். அறுபது வருஷம் முன்னாடி, 1587 வாக்குல, ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ்ங்கிற தகட்டுச் செதுக்குக் கலைஞரோட பட்டறையில இருந்து டாக்டர்களப் பத்தியே நாலு படம் வந்திருக்கு. விஷயம் என்னன்னா, உயிர் போற நிலையில இருக்குற நோயாளிக்கு டாக்டர் கடவுளா தெரியுறார், கொஞ்சம் தேறினதும் தேவதூதன், எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சதும் சாதாரண மனுஷன், ஃபீஸ் கேக்கும்போது சாத்தான். என் ஏரியா டாக்டர் ஒருத்தருக்கு இதைச் சொன்னப்ப அவர் டேபிளத் தட்டித் தட்டிச் சிரிச்சார், "ஆமாய்யா, மூணாவது படத்துலயே ஃபீஸ வாங்கிடணும்"னார். ஆனா நான் சொல்ல வந்தது கோடு. கோல்ட்சியஸ் வகைக் கோடு பூரின்ங்கிற உளியால செப்புத் தகட்ட உழுதுட்டே போறது. கையை அழுத்தினா கோடு தடிக்கும், விட்டா மெலியும், ஒரு தோள்பட்டைய சுத்திப் போற கோடு ஆரம்பத்துல முடி மாதிரி இருந்து நடுவுல பருத்து மறுபடி முடியாகி முடியும். எல்லாக் கோடும் இணையா, பாய் பின்னின மாதிரி. அசர வைக்கும். அதுக்கப்புறம் புவேனோவப் பாத்தா முதல்ல கோழி கிளறின மாதிரி இருக்கும், உண்மையச் சொல்றேன்.

கோழி கிளறினதுன்னு நெனச்சுட்டுத் தான் நானும் துணிஞ்சு காப்பி பண்ண உக்காந்தேன். ஜெல் பேனா, ஏ4 பேப்பர். முகம் ஓரளவு வந்துச்சு. அங்கியில மாட்டிக்கிட்டேன். படத்துல பாதி அந்தக் கறுப்பு அங்கி தான், அதுல நான் கோடு போடப் போட அது துணியா ஆகாம தார் ரோடா ஆயிட்டே போச்சு. நாலு தடவை வரைஞ்சேன். நாலு தடவையும் ஒரு நல்ல தலையத் தூக்கித் தார் டின் மேல வெச்ச மாதிரி இருந்துச்சு. அவரோட கறுப்புல மடிப்பு தெரியுது, பட்டு மாதிரி ஒரு ஆழம் இருக்கு, நம்ம கறுப்பு தட்டையா இருக்கு. மை ஒண்ணு தான், பேப்பரும் பேப்பர் தான், அப்ப எங்க தப்பு?

பிசிறு

அக்கா பொண்ணு சொல்லித் தான் தெரிஞ்சுது, அந்த ஒரு தகட்டுலயே மூணு விதமான கோடு இருக்கு. நான் இவ்வளவு நாள் இதை என்கிரேவிங்னு, அதாவது உளியால செதுக்கினதுன்னு, சொல்லிட்டுத் திரிஞ்சதே பாதி தான் சரி. முதல் வேலை எட்சிங். செப்புத் தகட்டு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, அதுல ஊசியால வரைஞ்சா பூச்சு மட்டும் கிழியும், அப்புறம் ஆசிட்ல போட்டா கிழிஞ்ச இடத்துல செம்பு அரிக்கும். இதுல கை சுதந்திரமா ஓடும், பேனா மாதிரி தான், அதனால தான் முகத்துல அந்தக் கிறுக்கல் வேகம். ரெண்டாவது பூரின், அங்கங்க அழுத்தம் குடுக்க. மூணாவது டிரைபாயிண்ட், இதுல ஆசிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, ஊசிய நேரா செம்புல வெச்சு அழுத்திக் கீறுறது. கீறினா செம்பு எங்கயும் போகாது, கோட்டோட ஓரத்துல வரப்பு மாதிரி எழும்பி நிக்கும். லேத் பட்டறையில பிசிறுன்னு சொல்லுவாங்களே, கையில ஏறினா ரத்தம் வருமே, அதே பிசிறு. மை தடவும்போது அந்தப் பிசிறுக்குள்ள மை போய் உக்காந்துக்கும், துடைச்சாலும் போகாது. அச்சடிச்சா கோடு மட்டும் விழாம அதைச் சுத்தி ஒரு பூஞ்சை மாதிரி, வெல்வெட் மாதிரி கறுப்பு விழும். அங்கியோட ஆழம் அது தான். ஜெல் பேனா நாலு தடவை என்ன, நாப்பது தடவை வரைஞ்சாலும் வராது.

"வாங்க மாமா, நீங்களே கீறிப் பாருங்க"ன்னு ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போனா. செம்பு வாங்குற விலையில இல்ல, பசங்க அக்ரிலிக் ஷீட்டுல தான் பழகுறாங்க. படத்த அடியில வெச்சு மேல ஷீட்டப் போட்டு ஊசியால இழுக்கிறது. முதல் ரெண்டு மணி நேரம் விரல் கட்டை விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. ஊசி நம்ம பேச்சக் கேக்காது, வளைவுல வழுக்கிட்டு நேரா ஓடும். மை பூசி, விறைப்பான வலைத்துணியால சுத்திச் சுத்தித் துடைச்சு, ஈரப் பேப்பர் வெச்சு, மேல கம்பளி போட்டு, ரோலர் பிரஸ்ஸோட சக்கரத்தச் சுத்தினா பேப்பர் அந்தப் பக்கம் வருது. ஒரு மூலையப் பிடிச்சு மெதுவா உரிக்கணும். உரிச்சேன். என் புவேனோ எதிர்ப் பக்கம் திரும்பி நின்னார். அச்சுல இடம் வலம் மாறும்ங்கிறது எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு செகண்ட் திக்குன்னுச்சு. ரெம்ப்ராண்ட் இதுக்கு முன்னோட்டமா ஒரு சின்ன எண்ணெய் ஓவியம் போட்டு வெச்சிருக்கார், ரைக்ஸ்மியூசியத்துல தான் இருக்கு, 19க்கு 15 சென்டிமீட்டர், அதுல ஆள் இந்தப் பிரிண்டுக்கு மாத்தி நிப்பார். காரணம் அன்னைக்குத் தான் கைக்கு உறைச்சுது.

ஆனா நான் சொல்ல வந்தது அந்த திரும்பலப் பத்தி இல்ல, கையப் பத்தி. என் பிரிண்டப் பாத்துட்டு அக்கா பொண்ணு, "மாமா, உங்க டாக்டர் கைப்பிடிய நெரிக்கிறார்"னா. பாத்தா நெஜமாவே அப்படித் தான் இருக்கு. நான் பாத்தது சோகமான ஆள்னு மனசுல எழுதி வெச்சிருந்தேன்ல, அதனால கை தானாவே இறுகிடுச்சு, விரலெல்லாம் வளைஞ்சு கம்பியப் பிடிச்சிருக்கு, கணுவெல்லாம் தூக்கலா கீறி வெச்சிருக்கேன். உடனே ஒரிஜினலத் திறந்து கைய மட்டும் பெருசாக்கினோம். பிடிக்கவே இல்ல அவர். வெச்சிருக்கார், அவ்வளவு தான். பாரம் எதுவும் அந்தக் கையில இறங்கல. மூணு மாசமா அந்தப் படத்தோட குடும்பம் நடத்திட்டு அந்தக் கையை நான் பாக்கவே இல்லன்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சுது.

அப்புறம் பாக்க ஆரம்பிச்சா ஒவ்வொண்ணா கழண்டுச்சு. முகத்துல சோகத்தக் காட்டுற கோடுன்னு ஒண்ணுமே கிடையாது, அவ சொன்னது சரி. புருவம் நெரியல, வாய் தொங்கல. தொப்பி விளிம்பு நெத்தி மேல நிழல் போடுது, கண்ணச் சுத்தி மெல்லிசா கீறல், கண்ணு நம்ம பக்கம் இருந்தும் நம்மளப் பாக்காத ஒரு பார்வை. அதுக்குக் கீழ காலர் பளிச்சுன்னு பேப்பர் வெள்ளை. அதுக்கும் கீழ அத்தனை கறுப்பு. படத்தோட மொத்த எடையும் கீழ இறங்கி உக்காந்திருக்கு, ஆனா அந்த எடைய ஒரு கால் கூடத் தாங்கல, ஏன்னா காலே படத்துல இல்ல, தரையும் இல்ல. தாங்குறதுக்குக் கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே சாமான் அந்தக் கைப்பிடி, அதுலயும் அவர் சாயல. நம்ம கண்ணு முகத்துல ஆரம்பிச்சு, காலர்ல ஒரு தட்டு தட்டி, கறுப்புக்குள்ள விழுந்து, எங்க போறதுன்னு தெரியாம அந்தக் கையில வந்து நிக்குது. மறுபடி முகத்துக்கு ஏறுது. நான் நாலு செகண்ட்னு சொன்னது இந்தச் சுத்து தான்னு நெனக்கிறேன். அவர் எதையும் சுமக்குறார்னு காட்டவே இல்ல, அடுத்த அடி எங்கன்னு மட்டும் மறைச்சு வெச்சுட்டார். இதை அக்கா பொண்ணுகிட்ட சொன்னதுக்கு, "இப்ப ஒத்துக்கிறேன், ஆனா இதுக்கும் மேல்மாடி நோயாளிக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு அதே இடத்துல நின்னா. ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட பேசுறதும் கெமிஸ்ட்கிட்ட பழைய பில்லு கேக்குறதும் ஒண்ணு.

மோதிரத் தகராறு

அந்தக் கையில ஒரு மோதிரம் இருக்கு. இதுல தான் எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையே. ரெம்ப்ராண்ட் தகட்ட ஒரே மூச்சுல முடிக்கிற ஆள் கிடையாது, கொஞ்சம் அச்சடிச்சுப் பாத்துட்டு மறுபடி கீறுவார், தேய்ப்பார், மறுபடி அடிப்பார், ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்டேட்னு சொல்றாங்க. புவேனோ முதல் ஸ்டேட்ல மோதிரம் கறுப்பு. டிரைபாயிண்ட் பிசிறுல மை நின்னு கரேல்னு ஒரு பொட்டு. ரெண்டாவது ஸ்டேட்ல அதே மோதிரம் வெள்ளை. அந்த இடத்துல செம்பச் சுரண்டி, மழுக்கி, மட்டம் பண்ணினா தான் இது நடக்கும், எவ்வளவு சின்ன எடம், அரிசி அளவு கூட இருக்காது. கறுப்பு மோதிரப் பிரதி உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற அளவு தான் இருக்கு, அதனால சேகரிக்கிறவங்களுக்கு அது தான் தங்கம், கறுப்பு மோதிரக்காரர்னே அந்தப் பிரதிக்குப் பேரு.

அக்கா பொண்ணு கறுப்புக் கட்சி. அது தான் உயிர்ப்பா இருக்காம், கலைஞனோட கை சூடு ஆறாத கோடாம். நான் வெள்ளைக் கட்சி. ஏன்னா என் அக்ரிலிக்ல என்ன ஆச்சுன்னு நான் பாத்துட்டேன். நானும் மோதிரத்தக் கரேல்னு கீறி வெச்சிருந்தேன், முதல் பிரிண்ட்ல அது ஒரு ஓட்டை மாதிரி விழுந்துச்சு. யார்கிட்ட காட்டினாலும் முகத்த விட்டுட்டு, "கையில என்னங்க அது, மச்சமா?"ன்னு கேட்டாங்க. நிழலான ஒரு கையில ஒரு கறுப்புப் பொட்டு வெச்சா கண்ணு அங்க போய் ஒட்டிக்குது, திரும்பி மேல ஏற மாட்டேங்குது. வெள்ளையா ஆக்கினா அது காலர் வெள்ளையோட ஒரு சின்னப் பேச்சு வெச்சுக்குது, கண்ணு வந்துட்டுப் போயிடுது. ரெம்ப்ராண்ட் அதுக்காகத் தான் மாத்தினார்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அழகா வெல்வெட் மாதிரி விழுந்த ஒரு கறுப்ப வேணும்னே சுரண்டிப் போட்டிருக்கார்னா அவருக்குக் கையை விட முகத்து மேல அக்கறை அதிகம்னு எனக்குத் தோணுது. ஒரு சினிமா எடிட்டர் நல்ல ஷாட்ட வெட்டுற மாதிரி. அபூர்வமா இருக்குங்கிறதுக்காக முதல் ஸ்டேட்டு தான் ஒசத்தின்னு சொல்றது, எக்ஸ்பைரி ஆன பேட்ச்ச ஸ்டாக்கிஸ்ட் பாதுகாத்து வெச்சிருக்கிற மாதிரி தான் எனக்கு. அவ ஒத்துக்கல.

இதுல அக்ரிலிக் எங்க ரெண்டு பேரையும் ஏமாத்துச்சு, அது தனிக் கதை. பிசிறு எப்பவுமே ரொம்ப நாள் தாங்காது, ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் பிரஸ்ல அமுங்கும்போதும் படுத்துக்கிட்டே வரும், செம்புலயே சீக்கிரம் போயிடும், அக்ரிலிக்ல கேக்கவே வேணாம். அஞ்சாவது பிரிண்ட்ல என் கறுப்பு மோதிரம் யாரும் தொடாமலே சாம்பல் ஆயிடுச்சு. ஏழாவதுல அங்கி வெளுத்து, கோடு தனித்தனியா தெரிய ஆரம்பிச்சு, டாக்டர் மழையில நனைஞ்ச மாதிரி ஆயிட்டார். ரெம்ப்ராண்ட் படங்கள்ல ஆரம்பத்துல அடிச்ச பிரதிக்கு ஏன் அவ்வளவு விலைன்னு ஒரு புத்தகமும் படிக்காம அன்னைக்குப் புரிஞ்சுது.

அந்த டாக்டரப் பத்தியும் ரெண்டு வார்த்தை. புவேனோ யூதர், போர்ச்சுகல்ல பொறந்தவர், 1599ல. அங்க யூதர்கள் வெளிப்படையா யூதர்களா வாழ முடியாத காலம். பிரான்ஸ்ல போர்தோவுல மருத்துவம் படிச்சு ஆம்ஸ்டர்டாம்ல தொழில் பண்ணினவர். அப்பா யோசேப் புவேனோவும் டாக்டர், 1625ல டச்சு இளவரசர் மாரிஸ் சாகக் கிடந்தப்ப கூப்பிட்டு விட்ட டாக்டர்கள்ல அவரும் ஒருத்தர். மகன் வெறும் நாடி பிடிச்சுட்டு இருந்த ஆள் இல்ல, மெனாஸ்ஸே பென் இஸ்ரேல்ங்கிற யூத மத குரு நடத்தின எபிரேய அச்சகத்துக்குப் பணம் குடுத்து ஆதரிச்சிருக்கார். ரெம்ப்ராண்ட் 1639ல கடன்ல வாங்கின வீடும் ஆம்ஸ்டர்டாம்ல யூதக் குடும்பங்கள் நெறைய இருந்த ஒரு தெருவுல தான். சாஸ்கியா, அவர் மனைவி, 1642ல இறந்துட்டாங்க, முப்பது வயசு கூட முடியல, மூணு குழந்தைங்க அதுக்கு முன்னாடியே பிறந்த சில வாரத்துலயே போயாச்சு. அந்த வீட்டுக்கு எந்த டாக்டர் எத்தனை தடவை வந்தாங்கன்னு நான் கதை கட்டப் போறது இல்ல, அக்கா பொண்ணு இதைப் படிப்பா. ஆனா 1647ல ஊசியத் தூக்கும்போது, டாக்டர் எந்திரிச்சுப் போற நேரத்துல வீட்டு ஆளுங்க எங்க நின்னு பாப்பாங்கன்னு ரெம்ப்ராண்ட்டுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க வேண்டாம். படத்துல நாம நிக்கிற இடம் எது? அவருக்குக் கொஞ்சம் கீழ. தூக்குவாளிக்காரர் உக்காந்திருந்த இடம்.

மூணாவது பிரிண்ட் தான் இருக்கிறதுலயே சுமாரா வந்தது, மோதிரம் இன்னும் கறுப்பா இருக்கும் அதுல. அதை லேமினேட் பண்ணி டீடெயிலிங் பையில விஷுவல் எய்டுக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு ஆர்த்தோ டாக்டர்கிட்ட கால்சியம் பத்திப் பேசிட்டு இருந்தப்ப பக்கத்தப் புரட்டினதுல அது வெளிய வந்துடுச்சு. மறைக்கிறதுக்குள்ள வாங்கிட்டார். "யாருய்யா இது?"ன்னார். டாக்டர் சார், பழைய காலத்து டாக்டர், நான் தான் பாத்து வரைஞ்சேன்னு சொன்னேன். கண்ணாடியத் தூக்கி நெத்தியில வெச்சுட்டு முகத்தயெல்லாம் பாக்கவே இல்ல, நேரா கைக்குப் போயிட்டார். "மூட்டு போயிருக்கே இவருக்கு, கைப்பிடிய எப்படி அமுக்குறார் பாரு"ன்னார். இல்ல சார், அது நான் வரைஞ்ச தப்புன்னு சொல்லி, போன்ல ஒரிஜினலத் திறந்து காட்டினேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெச்சுப் பெருசாக்கிப் பாத்தார். "ம். இவருக்கு மூட்டு நல்லா இருக்கு. வலி இருந்தா இவ்வளவு லேசா வெக்க மாட்டான். இவன் சும்மா நின்னிருக்கான்"னு சொல்லி போனைத் திருப்பிக் குடுத்தார். அப்புறம் பிரிண்ட மறுபடி ஒரு தடவை பாத்துட்டு, "இதை வேணும்னா என் கால்சியம் பேஷன்ட்டுக்குக் காட்டு"ன்னு பெல்ல அடிச்சார்.